டென்னிஸ் பணக்காரர் ஆட்டமா? செலவு எங்கே போகிறது, எங்கே குறைக்கலாம்

பிள்ளை டென்னிஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறது என்றதும் வீட்டில் முதலில் விசாரிப்பது ராக்கெட்டின் விலையைத்தான். உண்மையில் இந்த ஆட்டத்தில் ராக்கெட் பெரிய செலவே இல்லை. பணம் மூன்று இடங்களில் கரைகிறது: தரை, கோச்சின் நேரம், பயணம். இவை மூன்றும் எப்படிச் செலவை ஏற்றுகின்றன என்று புரிந்துவிட்டால், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பமும் முதல் நான்கைந்து வருடங்களைச் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் வரும் செலவு வேறு ரகம். அதையும் மறைக்காமல் கடைசியில் சொல்லியிருக்கிறோம்.

மூன்று கிரவுண்டு நிலம்

டென்னிஸ் கோர்ட்டின் கோடுகளுக்கு உட்பட்ட நீளம் 78 அடி, இரட்டையர் ஆட்டத்துக்கான அகலம் 36 அடி. ஆனால் ஓடிப்போய் பந்தை எடுக்க இரு பக்கக் கடைக்கோடுகளுக்குப் பின்னால் 21 அடியும், பக்கவாட்டில் 12 அடியும் விட வேண்டும். கூட்டினால் 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்டு. அதில் ஒரே நேரத்தில் ஆடுவது இரண்டு பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். கபடிக் களம் சுமார் 1,400 சதுர அடிதான், அதில் பதினான்கு பேர் ஆடுகிறார்கள். பேட்மின்டன் கோர்ட்டின் கோட்டுக்குள் இருப்பது 880 சதுர அடி. சுற்று இடத்தோடு சேர்த்தாலும் ஒரு கிரவுண்டுக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

பணக்காரர் ஆட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். 1874-இல் இங்கிலாந்தில் வால்டர் விங்ஃபீல்டு என்பவர் வலை, ராக்கெட், பந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஐந்து கினிக்கு (அந்நாளைய ஆங்கிலேயப் பண அளவு) விற்றார். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அதை விரித்து ஆடப் புல்தரை வாங்குபவரிடம் இருந்தாக வேண்டும். பங்களாவும் தோட்டமும் உள்ளவர்கள் ஆடினார்கள். நம் ஊருக்கு அது வந்தது ஆங்கிலேயர்களின் கிளப்புகள் வழியாக. மெட்ராஸ் கிளப்பில் இந்தியர்களைச் சேர்க்காத காலத்தில்தான் 1873-இல் இந்தியர்களும் சேரக்கூடிய காஸ்மாபாலிடன் கிளப் தொடங்கப்பட்டது. உறுப்பினருக்கு மட்டும் கதவு திறக்கும் வழக்கம் பல கிளப்புகளில் இன்றும் தொடர்கிறது.

பொதுக் கோர்ட் இருந்த இடங்களில் கதை வேறு. 1975-இல் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷின் அப்பா அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஒரு பூங்காவின் காப்பாளர். அந்தப் பூங்காக் கோர்ட்டில்தான் மகன் ராக்கெட் பிடித்தார். வில்லியம்ஸ் சகோதரிகள் வீனஸ், செரீனா இருவரும் அதே நாட்டின் காம்ப்டன் நகரப் பொதுக் கோர்ட்டுகளில் வளர்ந்தவர்கள். ஆகவே உங்கள் முதல் வேலை, பக்கத்தில் பொதுக் கோர்ட் எங்கே இருக்கிறது என்று தேடுவது. சென்னையில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. மற்ற மாவட்டங்களில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய்க் கேளுங்கள். ஸ்டேடியத்தில் கோர்ட் இல்லாவிட்டாலும், எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி வெளியாட்களை அனுமதிக்கிறது என்ற விவரம் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

கோர்ட்டை மணிக்கணக்கில் எடுத்தால் நான்கு பிள்ளைகளாகச் சேர்ந்து எடுங்கள். விளக்குக்குத் தனிக் கட்டணமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மண் கோர்ட்டாக இருந்தால் இன்னொரு கேள்வியும் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் கோர்ட் நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும். அந்த நாள்களுக்கான கட்டணத்தை அடுத்த மாதத்தில் கழிப்பார்களா? சிமென்ட் தளத்துக் கோர்ட்டில் தண்ணீரைத் தள்ளிவிட்டால் வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் ஆடலாம், மண்ணில் அது நடக்காது.

கோர்ட் இல்லாமலே முதல் ஆறு மாதம்

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கோர்ட் தேவையில்லை. சொல்லப்போனால் அது கெடுதல். மஞ்சள் பந்து சிறு பிள்ளையின் தலைக்கு மேலே எழும்பும், அதை அடிக்கப் பிடியை மாற்றி உடம்பை வளைத்துப் பழகிவிடுவார்கள். அதனால்தான் 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அனுமதிப்பதில்லை. சிவப்புப் பந்து மஞ்சளைவிட முக்கால் பங்கு மெதுவாக வரும், ஆரஞ்சு பாதி, பச்சை கால் பங்கு.

சிவப்புப் பந்துக்கான கோர்ட் சுமார் 36 அடி நீளம், 18 அடி அகலம். பேட்மின்டன் கோர்ட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். குடியிருப்பு வளாகத்தில் பேட்மின்டன் கோடு போட்ட தரை இருந்தால் போதும், வலையை இறக்கி அல்லது ஒரு கயிறு கட்டி 80 செ.மீ. உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் பழைய துப்பட்டாவைத் தொங்கவிட்டால் பந்து மேலே போனதா கீழே போனதா என்று சண்டை வராது.

அடுத்தது சுவர். பூச்சு உதிராத, ஜன்னல் இல்லாத சுவர் ஒன்று போதும். தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு மேல் இரண்டு அடி உயரத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் பந்து பட வேண்டும். சிவப்புப் பந்தோடு மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நிற்கலாம். இங்கே பலரும் செய்யும் தவறு, மஞ்சள் பந்தைக் கொடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்துவது. பந்து போன வேகத்தில் திரும்பி வரும், ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோக நேரமே இருக்காது. கையை முன்னால் வைத்துத் தட்டுவது மட்டுமே பழகும். பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகு அடிக்கட்டும். அந்த இடைவெளியில் காலை நகர்த்தி, தோளைத் திருப்பி, முழுதாக வீச நேரம் கிடைக்கும். தினம் இருபது நிமிடம் இதைச் செய்யும் பிள்ளை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பந்துகளை அடிக்கிறது. இது எவ்வளவு பெரிய லாபம் என்பது கோச்சிங் கணக்கைப் பார்க்கும்போது தெரியும்.

ராக்கெட்டும் ஸ்ட்ரிங்கும்

சிறுவர் ராக்கெட்டுகள் 17, 19, 21, 23, 25, 26 அங்குலங்களில் வருகின்றன. பெரியவர்களுக்கு 27. வயதைப் பார்த்து வாங்குவதைவிட நிற்கவைத்து அளப்பது நல்லது. பிள்ளை நேராக நிற்க, ராக்கெட்டின் தலையைத் தரையில் ஊன்றிப் பக்கத்தில் பிடியுங்கள். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடியின் நுனி உள்ளங்கையில் பட வேண்டும். வளர்ந்த பிறகும் ஆகும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால், பிள்ளை கைப்பிடியின் நடுவில் பிடித்து ஆடும், மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். அலுமினிய ராக்கெட் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒன்றரை வருடத்தில் சிறிதாகிவிடும் என்பதால் அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றிவிடலாம். பயிற்சி முகாமில் ஐந்தாறு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டாலே புதிது வாங்கும் தேவை பாதியாகும்.

27 அங்குலத்துக்கு வரும்போதுதான் கிராஃபைட் ராக்கெட் தேவைப்படும். இங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை இறக்குமதி என்பதால் 8,000 முதல் 20,000 ரூபாய் வரை போகும், அதற்கு மேலும் உண்டு. பழையதாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். தலைப் பகுதியில் கடிகாரத்தின் பத்து மணி, இரண்டு மணி இடங்களிலும், கைப்பிடிக்கு மேலே இரு கிளையாகப் பிரியும் இடத்திலும் விரல் நகத்தை ஓட்டுங்கள். பெயின்ட் பெயர்ந்திருந்தால் பரவாயில்லை, நகம் சிக்கும் நேர்க்கோடு இருந்தால் அது விரிசல், வேண்டாம். கண்ணுக்கு நேராகப் பிடித்து முறுக்கம் இருக்கிறதா பாருங்கள். ஸ்ட்ரிங் நுழையும் பிளாஸ்டிக் குழாய்கள் உடைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை உடைந்த இடத்தில் ராக்கெட்டின் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய மாடலுக்கு மாற்றுக் குழாய் கிடைப்பதும் கஷ்டம்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். தொழில்முறை வீரர்கள் கட்டும் பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கைப் பிள்ளைகளுக்கும் கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. லேசில் அறாது என்பதால் சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் பத்துப் பதினைந்து மணி நேர ஆட்டத்திலேயே அதன் துள்ளல் செத்துவிடும், அறாததால் யாரும் மாற்ற மாட்டார்கள். அந்த விறைப்பின் அதிர்ச்சி முழுவதும் முழங்கைக்குப் போகும். பதினான்கு வயது வரை சாதாரண நைலான், அதாவது சிந்தடிக் கட், 45 முதல் 50 பவுண்டு இழுப்பில் போதும். விலையும் குறைவு, கைக்கும் மிருது.

ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் ஸ்ட்ரிங் போகும். தனித்தனிப் பொட்டலமாக வாங்காமல் 200 மீட்டர் சுருளாக வாங்கினால் பதினாறு முறை கட்டலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுருள் வாங்கி, கடையில் கட்டுகூலி மட்டும் கொடுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறார்களோ அத்தனை முறை வருடத்துக்கு மாற்றுவது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, அது சரியாகவே இருக்கிறது. ராக்கெட்டை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுவைத்தால் ஒரே மத்தியானத்தில் ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும்.

பந்து, காலணி

பந்தின் உள்ளே காற்றழுத்தம் இருக்கிறது. டப்பாவைத் திறந்ததுமே அது கசிய ஆரம்பிக்கும், ஆடினாலும் ஆடாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் பந்து சோர்ந்துவிடும். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். சுவரில் இந்த அளவுகளைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிப் போட்டுப் பாருங்கள். 120-ஐத் தொடாத பந்து சர்வீஸ் பழகவும் சுவருக்கும் மட்டும். செத்த பந்திலேயே தினமும் ஆடும் பிள்ளை, பந்து எழும்பாது என்று பழகி ஓங்கி அடிக்கும். போட்டியில் புதுப் பந்து கைக்கு வந்ததும் எல்லாம் கடைக்கோட்டைத் தாண்டிப் பறக்கும். கூடையில் போட்டுப் பழக, உள்ளே அழுத்தம் இல்லாத வகைப் பந்து வாங்கினால் மேல்ரோமம் தேயும் வரை ஆடலாம்.

காலணியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஓடுவதற்கான ஷூவின் அடி உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், நேராக ஓடத்தான் அது செய்யப்பட்டது. டென்னிஸில் பாதி அசைவு பக்கவாட்டில். அந்த ஷூவோடு திடீரென்று நின்றால் கணுக்கால் மடங்கும். பேட்மின்டன் ஷூ காலைப் பிடித்து நிறுத்தும், ஆனால் சிமென்ட் தளத்தில் அதன் மெல்லிய ரப்பர் சில வாரங்களில் தேய்ந்துவிடும். மண் கோர்ட் என்றால் அடியில் மீன்முள் வரிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கோச்சின் நேரத்தை எப்படி வாங்குவது

குழு வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு நாள் வெளியே நின்று முழு வகுப்பையும் பாருங்கள். கோச் கூடையிலிருந்து நிமிடத்துக்குப் பதினைந்து பந்து போடுகிறார் என்று வையுங்கள். பந்து பொறுக்கும் நேரம், பேச்சு, தண்ணீர் எல்லாம் போக ஒரு மணியில் நாற்பது நிமிடம் மிஞ்சும். மொத்தம் 600 பந்து. கோர்ட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்கு ஐம்பது. ஆறு பேர் என்றால் நூறு. மாதக் கட்டணத்தைத் தலைக்கு எத்தனை பந்து என்பதோடு வைத்துப் பாருங்கள். கட்டணம் குறைவாகத் தெரியும் இடத்தில் பிள்ளை பெரும்பாலும் வரிசையில்தான் நிற்கும். நல்ல கோச் காத்திருப்பவர்களைச் சும்மா நிற்கவிட மாட்டார். பக்கத்தில் இரண்டிரண்டு பேராகச் சிவப்புப் பந்தைத் தட்டவைப்பார், அல்லது எதிர்ப்பக்கம் நிறுத்தித் திருப்பி அடிக்கவைப்பார். இதைக் கவனித்தாலே தரம் தெரிந்துவிடும்.

தனி வகுப்பு விலை கூடியது. அதை ராலி ஆட, அதாவது பந்தை மாறி மாறி அடித்துப் பழக, செலவழிக்க வேண்டாம். ராலிக்குக் கிளப்புகளில் மார்க்கர்கள் இருக்கிறார்கள். பந்து பொறுக்கும் பையனாக வந்து அங்கேயே ஆடி வளர்ந்தவர்கள் பலர். சலிக்காமல் ஒரே இடத்துக்குப் பந்தைத் திருப்பித் தரும் அவர்கள் கைத்திறன் அபாரமானது, கோச்சைவிடக் குறைந்த கட்டணம் வாங்குகிறார்கள். தனி வகுப்பை மாதம் ஒன்றிரண்டு முறை, ஒரே ஒரு விஷயத்துக்காக எடுங்கள். இரண்டு பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

எந்த விஷயத்துக்கு என்றால், முதலில் சர்வீஸ் பிடிக்கு. கவனிக்காமல் விட்டால் பிள்ளைகள் தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல ராக்கெட்டின் முகம் வலையைப் பார்க்கப் பிடித்துச் சர்வீஸ் போடுவார்கள். பத்து வயதில் அது உள்ளே விழும், ஜெயிக்கவும் செய்யும். பதின்மூன்று வயதில் எதிராளி அதை அடித்துத் துவைக்க ஆரம்பித்ததும், பிடியை மாற்ற மாதக்கணக்கில் தனி வகுப்பு எடுக்க நேரும். சுத்தியலைப் பிடிக்கும் விதமாக, ராக்கெட்டின் விளிம்பு முன்னால் பார்க்கப் பிடித்துப் போடும் சர்வீஸை எட்டு ஒன்பது வயதிலேயே சொல்லிக்கொடுக்கும் கோச்சிடம் கொடுக்கும் பணம் வீணாகாது. ஆரம்பத்தில் பந்து வலையில் விழுந்துகொண்டே இருக்கும். பெற்றோர் பொறுமை இழந்து, பழைய பிடிக்கே போ என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

போட்டிகள்

அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ஜூனியர் போட்டிகள் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. பிறப்புச் சான்றிதழோடு சங்கத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பெயர் கொடுக்கும் கடைசித் தேதி போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். வழக்கமாகச் சனி, ஞாயிறு தகுதிச் சுற்று, திங்கள் முதல் பிரதானச் சுற்று. அதாவது ஜெயித்தால் பள்ளிக்கு ஒரு வாரம் விடுப்பு, தோற்றால் போன அன்றே மூட்டை கட்டல்.

ஆகவே செலவை ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். மதுரையிலிருந்து ரயில் ஏறி, அறை எடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டி, இரண்டு பேருக்கு 6,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் தோற்றால் ஒரு ஆட்டத்தின் விலை 6,000. நான்கு ஆட்டம் ஆடினால் 1,500. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்கும் நிலையில் எந்த மட்டத்தில் ஆட முடிகிறதோ, அந்த மட்டத்தில்தான் பிள்ளை வேகமாகத் தேறும். மாவட்டப் போட்டி, பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, கிளப் போட்டி இவற்றில் அந்த விகிதம் வரும் வரை வெளியூர் வேண்டாம். வெளியூர் போனால் இரட்டையர் பிரிவிலும் பெயர் கொடுங்கள். ஜோடியை முன்பே பேசி முடித்துவிட்டால், கூடுதல் ரயில் டிக்கெட் இல்லாமலே இன்னொரு ஆட்டம் கிடைக்கிறது. போட்டி அறிவிப்பில் தளம் என்ன, பந்து எந்த நிறுவனத்தினுடையது என்று போட்டிருக்கும். அதே பந்தில் ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள். போட்டிக்குப் போகும் நிலை வந்ததும் ஒரே மாதிரி இரண்டு ராக்கெட் தேவை, ஆட்டத்தின் நடுவில் ஸ்ட்ரிங் அறுந்தால் வேறு வழி கிடையாது.

நிஜமாகவே பணக்காரர் ஆட்டமாகும் இடம்

பதின்மூன்று வயதில் சர்வதேச ஜூனியர் போட்டிகளின் கதவு திறக்கிறது. அங்கிருந்து செலவு லட்சங்களில். அதற்கு மேல் தொழில்முறையின் அடிப்படியில் உள்ள எம்15 போட்டியில் எல்லாருக்குமான மொத்தப் பரிசே 15,000 டாலர். முதல் சுற்றில் தோற்பவருக்கு 200 டாலர்கூடத் தேறாது. 2013-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு செய்த ஆய்வில், கோச் சம்பளத்தைச் சேர்க்காமலே ஒரு வீரருக்கு வருடச் செலவு சராசரியாக 38,800 டாலர், வீராங்கனைக்கு 40,180 டாலர் என்று தெரியவந்தது. ஆண்களில் 336-ஆவது இடத்துக்கும் பெண்களில் 253-ஆவது இடத்துக்கும் மேலே இருந்தால்தான் வரவும் செலவும் சரிக்குச் சரியாகும். உலகில் அந்த இடத்தில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதை யோசித்துப் பாருங்கள். இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்த சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் அவர் ஆஸ்திரேலிய ஓப்பனில் முன்னணி வீரர் வரிசையில் (சீடு) இடம்பெற்ற அலெக்சாண்டர் புப்ளிக்கை முதல் சுற்றில் வீழ்த்தினார். திறமைக்கும் கையிருப்புக்கும் உள்ள தூரம் இந்த ஆட்டத்தில் இவ்வளவு கொடூரமானது.

ஆகவே பதினான்கு, பதினைந்து வயதில் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்புவது எங்கள் பார்வையில் தவறான முடிவு. அதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் டென்னிஸ் வீரர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அதற்குப் போட்டி முடிவுகளோடு பள்ளி மதிப்பெண்ணும் வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே படிப்பைக் கைவிட்டுவிடக் கூடாது. இங்கே பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது, ரயில்வே போன்ற துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை இருக்கிறது. மாநில, தேசிய மட்டத்தில் சாதிப்பவர்கள் 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் போட்டிப் பயணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். முதல் மாவட்டப் போட்டியிலிருந்தே சான்றிதழ், போட்டி அட்டவணை, நுழைவுக் கட்டண ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். சான்றிதழில் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பரிசு வாங்கிய இடத்திலேயே சரிபாருங்கள். நான்கு வருடம் கழித்து அமைப்பாளரைத் தேடிப்பிடித்துத் திருத்துவது நடக்காத காரியம். பிறகு ஒவ்வொன்றையும் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள், விண்ணப்பத்தோடு அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.